காலில் விழுந்து கைவிடுதல்

பேச்சுத்தமிழில் வயசானவர்களுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று "பெரியவர்", இன்னொன்று "பெருசு". பெரியவர் வந்தார், பெருசு வந்துச்சு. இரண்டும் ஒரே ஆள்தான். கல்யாண வீட்டில் மணமக்கள் காலில் விழுவதற்காகத் தேடிப்பிடித்துக் கூட்டி வரப்படுகிறவர் பெரியவர். அதே ஆள் பந்தியில் உட்கார்ந்து இரண்டாவது தடவை பாயசம் கேட்டால், "இந்த வயசுலயும் பெருசுக்கு நாக்கு அடங்கல பாரு" என்று ஆகிவிடும். உயர்திணை அஃறிணையாக மாறும் இடத்தைக் கவனியுங்கள். அவர் கொடுக்கும்போது, அதாவது ஆசி கொடுக்கும்போது, அவர் உயர்திணை. தனக்கென்று ஒன்றைக் கேட்கும்போது திணை மாறிவிடுகிறது.

முதுமையைப் பற்றிய நம் வழக்கமான சண்டை எல்லோருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் கூட்டுக்குடும்பம், பெரியவர்களுக்கு மரியாதை. இந்தக் காலத்தில் அமெரிக்காவில் மகன், முதியோர் இல்லத்தில் அம்மா. பட்டிமன்றங்கள் பல வருஷமாக இதை வைத்துத்தான் ஓடுகின்றன. இதில் கேட்கப்படாத ஒரு கேள்வி இருக்கிறது: வயதான ஒருவர் எதையாவது விரும்பலாமா? சோறு, துணி, மருந்தைச் சொல்லவில்லை. அவை தேவைகள். தேவையைக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிடலாம். நான் கேட்பது விருப்பத்தை. நம் கதைகளையும் படங்களையும் இந்தக் கேள்வியோடு பார்த்தால், மரியாதை என்று நாம் சொல்வதன் உள்ளே வேறொன்று இருப்பது தெரிகிறது.

*

சென்னையிலிருந்து திருப்பதி போகும் சாலையில், திருவள்ளூருக்கும் திருத்தணிக்கும் நடுவே கனகம்மாசத்திரம் வரும். பெரும்பாலானவர்கள் அதைக் கடந்து போகிறவர்கள்தான். முருகனைப் பார்க்கவோ, பெருமாளைப் பார்க்கவோ போகிற வழி. ஊர்ப்பெயரில் ஒரு பெண்ணும் இருக்கிறாள், ஒரு சத்திரமும் இருக்கிறது. சில கிலோமீட்டர் தள்ளி உள்ளே போனால் திருவாலங்காடு. சிவன் காளியோடு போட்டி போட்டு, காலைத் தலைக்கு மேலே தூக்கி ஆடியதாகச் சொல்லப்படும் இரத்தின சபை அங்கேதான். தூக்காத இன்னொரு காலின் அடியில் உட்கார்ந்திருப்பவர் காரைக்கால் அம்மையார்.

கதை பலருக்கும் பாதி தெரிந்திருக்கும். பெரியபுராணம் சொல்கிற வரிசையில் சுருக்கமாகப் பார்ப்போம். காரைக்கால் வணிகர் குடும்பத்துப் பெண் புனிதவதி. கணவன் பரமதத்தன். அவன் கடையிலிருந்து இரண்டு மாம்பழங்களை வீட்டுக்கு அனுப்புகிறான். பசியோடு வந்த சிவனடியார் ஒருவருக்கு அவள் ஒன்றைக் கொடுத்துவிடுகிறாள். கணவன் சாப்பிட வந்து ஒரு பழத்தைத் தின்று, ருசியாக இருக்கிறதென்று இன்னொன்றையும் கேட்கிறான். அவள் உள்ளே போய் வேண்ட, கையில் ஒரு பழம் வருகிறது. அதன் ருசி வேறாக இருக்க, அவன் எங்கிருந்து வந்ததென்று கேட்கிறான். அவள் உண்மையைச் சொல்கிறாள். நம்பாமல் இன்னொன்று வரவழைக்கச் சொல்கிறான். அதுவும் வந்து, அவன் கையில் கொடுத்ததும் மறைந்துவிடுகிறது. அவன் பயந்துவிடுகிறான். வியாபாரம் என்று கப்பலேறிப் போனவன் திரும்பி வரவேயில்லை. பாண்டிய நாட்டில் வேறொரு கல்யாணம் செய்துகொண்டு, பிறந்த பெண் குழந்தைக்குப் புனிதவதி என்றே பெயர் வைக்கிறான். செய்தி தெரிந்து சொந்தக்காரர்கள் முதல் மனைவியை அங்கே கூட்டிக்கொண்டு போகிறார்கள். அவன் மனைவியோடும் குழந்தையோடும் வந்து அவள் காலில் விழுகிறான்.

இந்தக் காட்சியைப் பக்தி நெகிழ்ச்சியாகத்தான் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் இது ஒரு கைவிடுதல். அவன் அவளைத் திட்டவில்லை, அடிக்கவில்லை, துரத்தவில்லை. கும்பிட்டான். கும்பிட்டதன் மூலம் "இனி நீ என் மனைவி இல்லை" என்பதை ஊர் முன்னால் சொல்லி முடித்துவிட்டான். இனி யாரும் அவனைக் குறை சொல்ல முடியாது. தெய்வத்தோடு குடும்பம் நடத்த முடியாது என்கிற நியாயம் அவன் பக்கம் இருக்கிறது. குழந்தைக்குப் பெயரும் வைத்தாயிற்று. மரியாதை முழுதாகக் கொடுக்கப்பட்டது, உறவு முழுதாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

நம் வீடுகளில் பெரியவர்களோடு நடப்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? பொங்கலுக்கு வந்து காலில் விழுகிறோம். பேத்திக்குப் பாட்டி பெயரை ரெண்டாவது பெயராக வைக்கிறோம். "அவங்க ஆசீர்வாதத்துலதான் நாங்க நல்லா இருக்கோம்" என்கிறோம். அவர் கேட்காத எல்லாவற்றையும் செய்துவிட்டு, அவர் என்ன கேட்கிறார் என்று காதில் வாங்காமல் கிளம்பிவிடுகிறோம். பரமதத்தன் வழி அது. ரொம்ப நாகரிகமான வழி.

*

புனிதவதி அதற்குப் பிறகு செய்ததுதான் இந்தக் கதையை நமக்குத் தேவையானதாக்குகிறது. இவனுக்காகச் சுமந்த உடம்பின் அழகு இனி வேண்டாம், பேய் வடிவம் கொடு என்று அவள் கேட்கிறாள். கிடைக்கிறது. கயிலை மலையில் காலால் நடக்கக் கூடாதென்று தலையால் நடந்து ஏறுகிறாள். இது யார் என்று உமை கேட்க, நம்மைப் பேணும் அம்மை என்று சிவன் சொல்கிறார். "அம்மையே" என்று கூப்பிட்டு, என்ன வேண்டும் என்று கேட்கிறார்.

கணவன் கேட்காத கேள்வி இது. அவள் தயங்காமல் பட்டியல் போடுகிறாள். பிறவி வேண்டாம், அப்படிப் பிறந்தாலும் உன்னை மறக்கக் கூடாது, அப்புறம், நீ ஆடும்போது உன் காலடியில் இருந்து நான் மகிழ்ந்து பாடிக்கொண்டிருக்க வேண்டும். முதல் இரண்டும் எந்த அடியாரும் கேட்கக்கூடியவை. மூன்றாவது அப்படி இல்லை. கச்சேரிக்கு முன்வரிசை இருக்கை கேட்பது மாதிரியான, தெளிவான, தனக்கே தனக்கான விருப்பம் அது. அந்த இருக்கைதான் திருவாலங்காடு.

இங்கே ஒரு மறுப்பு வரலாம்: பேய் என்றால் முதுமையா? இல்லைதான். பெரியபுராணம் சொல்வது சதை உதிர்ந்த உருவத்தை, வயதை அல்ல. ஆனால் அம்மையார் தாமே பாடிய பதிகத்தில் வருகிற சுடுகாட்டுப் பேயைப் பாருங்கள். வற்றிப்போன மார்பு, மேலே தெரியும் நரம்பு, ஒட்டிய வயிறு. பேயின் உடம்பை எழுத அவர் எடுத்துக்கொண்டது வயதான பெண்ணின் உடம்பைத்தான். சிற்பிகளும் அதையே பின்பற்றினார்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் சோழர்கால வெண்கலச் சிற்பத்தில் விலா எலும்புகளை எண்ணலாம். கையில் தாளம். முகத்தில் ஒரு சந்தோஷம். கங்கைகொண்ட சோழபுரத்து நடராசர் சிற்பத்திலும் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து தாளம் போடுகிறார். நாயன்மார் வரிசையில் மற்றவர்கள் எல்லாரும் நிற்க, இவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். "உக்காருங்க பாட்டி" என்று யாரும் சொல்லக் காத்திருக்கவில்லை.

தளர்ந்த பெண்ணுடம்பை அழகுபடுத்தாமல், பரிதாபமும் படுத்தாமல், சந்தோஷமாக இருக்கிற உடம்பாகச் செய்து கருவறைக்குப் பக்கத்தில் வைத்த ஒரு கலை மரபு நமக்கு இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு வந்தவர்கள் அந்த உடம்பை என்ன செய்தார்கள்?

*

1973இல் ஏ.பி. நாகராஜன் "காரைக்கால் அம்மையார்" எடுத்தார். இளம் புனிதவதியாக லட்சுமி, பிறகு அம்மையாராக கே.பி. சுந்தராம்பாள். எலும்பும் தோலுமான உருவத்தை அந்தக் காலத் தமிழ் சினிமா காட்டாதென்பது புரிகிறது. ஆனால் அதற்குப் பதிலாக அது கண்டுபிடித்த தீர்வு சுவாரசியமானது: பேயை அது பாட்டியாக்கிவிட்டது. அச்சம் தரவேண்டிய உருவம் கும்பிடத்தக்க, தாய்மை நிறைந்த முதுமையானது. குரலின் கம்பீரம் நம்மைக் கட்டிப்போட்டதில் அந்த மாற்றத்தை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

சுந்தராம்பாளின் வாழ்க்கையை இந்தப் பாத்திரத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1908இல் பிறந்தவர். 1933இல் எஸ்.ஜி. கிட்டப்பா இறந்தபோது அவருக்கு 25 வயது. அதற்குப் பிறகு வெள்ளைப் புடவை. 1953இல் "ஔவையார்" வந்தபோது வயது 45தான். 1964இல் "பூம்புகார்" கவுந்தியடிகள், 1965இல் "திருவிளையாடல்" ஔவை மறுபடியும். மேடையில் வள்ளியாகப் புகழ்பெற்ற ஒரு நடிகை, திரையில் கிழவியாகவும் துறவியாகவுமே நிலைத்தார். அது அவர் தேர்வும்கூட. கணவனை இழந்த ஒரு பெண் பொதுவெளியில் வாய் திறந்து பாடவும், அரசர்களையும் கடவுளையும் அதட்டவும், அவளுக்குக் கிடைத்த ஒரே வேஷம் முதுமை.

ஔவை கதையும் அதையேதான் சொல்கிறது. சங்கப் பாடல்களில் வரும் ஔவை கிழவி அல்ல. அதியமானின் நண்பராக, அவனோடு கள் அருந்தியவராக, தொண்டைமானிடம் தூது போனவராகத் தெரிகிறார். அதியமான் தனக்குக் கிடைத்த அரிய நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் அவருக்குக் கொடுத்தான். நீண்ட ஆயுள் அரசனுக்கு வேண்டாம், பாடுகிறவளுக்கு வேண்டும் என்று நினைத்த கொடை அது. முதுமையைப் பரிசாகக் கொடுத்த கதை உலகத்தில் அதிகம் இருக்காது. பிற்காலத்துக் கதையில் ஔவை, கல்யாணம் பேசுகிறார்கள் என்றதும் பிள்ளையாரிடம் அழுது கிழவியாகிவிடுகிறாள். ஊர் ஊராகச் சுற்ற வேண்டும், பாட வேண்டும், யாருக்கும் அடங்கி இருக்கக் கூடாது. அதற்கான அனுமதிச் சீட்டு நரைத்த தலை.

திருத்தணி 1960 வரைக்கும் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். சுற்றுப்பட்டில் தெலுங்கு பேசும் வீடுகள் நிறைய. தெலுங்கில் பாட்டியை "அவ்வா" என்பார்கள். ஒரு கவிஞரின் பெயரும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவளின் பெயரும் இவ்வளவு பக்கத்தில் ஒலிக்கிற எல்லை இது.

இந்த இரண்டு கிழவிகளுக்கும் ஆளுக்கொரு சிறுவன் கதையும் உண்டு. ஔவைக்கு நாவல் மரத்தின் மேல் உட்கார்ந்த மாடு மேய்க்கிற பையன், அதாவது முருகன். சுட்ட பழமா சுடாத பழமா என்று கேட்டு அவள் படிப்பின் செருக்கை உடைக்கிறான். இந்தக் கதையைப் பள்ளிக்கூடங்களில் ரொம்பப் பிரியமாகச் சொல்கிறார்கள். அம்மையாருக்குச் சம்பந்தர். அவர் தலையால் நடந்த மண்ணைக் காலால் மிதிக்க அஞ்சி, திருவாலங்காட்டுக்குள் நுழையாமல் பக்கத்துப் பழையனூரில் தங்கிவிடுகிறார் அந்தப் பிள்ளை. ஒருவன் கிழவியை மடக்குகிறான், இன்னொருவன் அவள் நடந்த இடத்தைத் தொடவே அஞ்சுகிறான். பேரப்பிள்ளைகள் இன்றும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறோம். போனில் ஒரு ஆப்பைத் திறக்கத் தெரியாத தாத்தாவைக் கிண்டல் செய்கிறோம், இல்லையென்றால் "எங்க தாத்தா லெஜண்ட்" என்று படம் போடுகிறோம். பக்கத்தில் உட்கார்ந்து "என்ன வேணும் தாத்தா?" என்று கேட்கிற பிள்ளை இரண்டு கதையிலும் இல்லை.

*

நவீன எழுத்துக்கு வருவோம். முதியவரின் விருப்பத்தை வெள்ளையடிக்காமல் எழுதிய தமிழ்ச் சிறுகதை என்று எனக்கு முதலில் தோன்றுவது தி. ஜானகிராமனின் "பாயசம்". சாமநாதுவுக்கு அண்ணன் மகன் சுப்பராயனின் செழிப்பு பொறுக்கவில்லை. தன் வீட்டில் மனைவி போய்விட்டாள், மகள் விதவையாக நிற்கிறாள். அங்கே பெண்களுக்கு வரிசையாகக் கல்யாணம் நடக்கிறது. செத்துப்போன மனைவி வாலாம்பாளின் குரல் உள்ளே அவரைக் கண்டித்துக்கொண்டே இருக்கிறது. கடைசியில் கல்யாண வீட்டுப் பாயச அண்டாவைத் தள்ளிக் கவிழ்த்துவிட்டு, எலி விழுந்து கிடந்தது என்று சொல்லிவிடுகிறார்.

கெட்ட காரியம்தான். ஆனால் இந்தக் கதை சாமநாதுவை ஒரு முழு மனிதனாக நடத்துகிறது. முதுமை அவரைப் பழுக்க வைக்கவில்லை. இருபது வயதில் எரிந்திருக்கக்கூடிய அதே பொறாமை இப்போதும் எரிகிறது. வயது ஒருவரை நல்லவராக்கிவிடும் என்று நாம் எதிர்பார்ப்பதே ஒரு வகை அவமரியாதை என்பதை ஜானகிராமன் ஒரு வார்த்தை உபதேசம் இல்லாமல் சொல்லிவிடுகிறார். 2021இல் நெட்ஃப்ளிக்ஸின் "நவரசா" வரிசையில் வசந்த் இதைப் படமாக்கினார், டெல்லி கணேஷ் நடித்தார். நல்ல நடிப்பு. ஆனால் தொகுப்பின் ஏற்பாட்டின்படி அதற்கு ஒட்டப்பட்ட ரசம் "அருவருப்பு". கதையைப் படிக்கிறவனுக்குக் கடைசியில் அருவருப்பு மட்டும் வராது. அந்த ஆள் எவ்வளவு தனியாக இருக்கிறார் என்பதும் சேர்ந்தே வரும். சீட்டு ஒட்டியதும் நாம் என்ன உணர வேண்டும் என்பது முடிவாகிவிடுகிறது. பெரியவர் பெருசாகிவிடுகிறார்.

பாலு மகேந்திராவின் "சந்தியா ராகம்" வேறு மாதிரி. மனைவி இறந்தபின் கிராமத்திலிருந்து சென்னையில் இருக்கும் தம்பி மகன் வீட்டுக்கு வரும் முதியவராகச் சொக்கலிங்க பாகவதர். அந்த வீட்டில் வில்லன் யாரும் இல்லை. இடமும் பணமும்தான் இல்லை. அவருடைய சின்னச் சின்ன ஆசைகள், நடமாட்டம், பசி எல்லாம் அந்தச் சின்ன வீட்டில் இடித்துக்கொள்கின்றன. கடைசியில் அவர் முதியோர் இல்லத்துக்குப் போகிறார். யாரையும் குற்றம் சொல்ல விடாததால்தான் இந்தப் படம் இன்றும் உறுத்துகிறது. "பிள்ளைகள் மோசம்" என்று அழுதுவிட்டு எழுந்து போகும் வசதியை அது தரவில்லை.

சமீபப் படங்களில் நான்கை எடுத்துக்கொள்கிறேன். தனுஷின் "ப. பாண்டி" (2017) ராஜ்கிரணைத் தன் முதல் காதலியைத் தேடிப் போக விடுகிறது. தைரியம்தான். ஆனால் காதலைக் காட்ட வேண்டிய நேரம் வந்ததும் படம் ஃபிளாஷ்பேக்குக்குள் போய் இளம் உடம்புகளைத் தேடுகிறது. ராஜ்கிரணும் ரேவதியும் இன்று எப்படி ஒருவரை ஒருவர் விரும்புவார்கள் என்று பார்க்க அதற்குக் கொஞ்சம் கூச்சம். ஆசை இளமையுடையது, முதுமையிடம் இருப்பது அதன் ஞாபகம் மட்டும் என்கிற எண்ணம் அங்கே வேலை செய்கிறது.

ப்ரியா கிருஷ்ணசாமியின் "பாரம்" தேசிய விருது வாங்கிய படம். தலைக்கூத்தலைப் பற்றியது: படுத்துவிட்ட முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்துச் சாகவிடும் தென்மாவட்ட வழக்கம். இரவுக் காவலாளி கருப்பசாமி விபத்தில் இடுப்பு உடைந்து, நகரத்துத் தங்கை வீட்டிலிருந்து மகனால் ஊருக்குக் கொண்டுபோகப்படுகிறார். படத்தின் பலம் முதல் பகுதி. வேலைக்குப் போய்வரும், சம்பாதிக்கும், தங்கை வீட்டில் கலகலவென்று இருக்கும் ஒரு மனிதரை அது காட்டிவிடுவதால், "பாரம்" என்ற சொல் எவ்வளவு சீக்கிரம் ஒருவர் மேல் ஏறிவிடுகிறது என்று தெரிகிறது. இரண்டாம் பகுதி விசாரணையாகிவிடுகிறது. எல்லாரும் அவரைப் பற்றிப் பேசுகிறார்கள். அவர் பேச முடியாது. நிஜத்திலும் அப்படித்தானே என்று கேட்கலாம். அந்தக் குளியல் எண்ணெய்க் குளியல்தான், அந்த இளநீர் இளநீர்தான் என்பதையும் மறக்க வேண்டாம். பணிவிடையின் அதே சாமான்கள், மரியாதையின் அதே கை.

மதுமிதாவின் "கே.டி. (எ) கருப்புதுரை" (2019) அந்த முதியவரை எழுந்து ஓட விடுகிறது. கோமாவிலிருந்து விழித்தவர், வீட்டில் தன்னை முடிக்கப் பேசுவதைக் கேட்டுவிட்டுத் தப்பிக்கிறார். ஒரு அநாதைப் பையன் துணை சேர்கிறான், இருவரும் ஆசைப் பட்டியல் போடுகிறார்கள். மு. ராமசாமி பிரியாணியை ரசித்துத் தின்பதைப் பார்க்கும்போது, ஒரு கிழவர் சாப்பிடுவதை இவ்வளவு சந்தோஷமாகத் தமிழ்த்திரை எப்போது காட்டியது என்று யோசிக்க வைக்கிறது. "நாக்கு அடங்கல" என்ற வசைக்கு இந்தப் படம் ஒரு நல்ல பதில். ஒரு குறை: கே.டி.யின் ஆசைகள் எல்லாமே நமக்குப் பிடித்துவிடுகிற ஆசைகள். சாமநாதுவின் ஆசை மாதிரி ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை.

மணிகண்டனின் "கடைசி விவசாயி" (2022) மாயாண்டி, நீதிமன்றத்தில் நிற்கும்போதும் கேட்பது ஒன்றுதான். பயிர் காய்ந்துவிடும், நான் போக வேண்டும். நல்லாண்டி நிஜமான விவசாயி, படம் வெளிவருவதற்கு முன்பே இறந்துபோனார். அவர் முகத்தில் "நான் ஒரு குறியீடு" என்கிற எண்ணம் துளியும் இல்லாததால்தான் படம் தப்பித்தது. பார்த்துவிட்டு வெளியே வந்த நாம் தப்பிக்கவில்லை. மாயாண்டியின் விருப்பம் விவசாயம் என்பதால், ஊருக்கே சோறு போடுகிற விருப்பம் என்பதால், அதைக் கொண்டாடுவது சுலபம். சும்மா ஒரு சினிமா பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டிருந்தால்?

ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். சாமநாது, பாகவதர், பாண்டி, கருப்பசாமி, கருப்புதுரை, மாயாண்டி. எல்லாரும் ஆண்கள். தனக்கென்று ஒன்றை விரும்புகிற வயதான பெண்ணை மையமாக வைத்து இதே அளவுக்குப் பேசப்பட்ட சமீபப் படம் எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை. பாட்டிகள் வருகிறார்கள். கதை சொல்கிறார்கள், ஜோக் அடிக்கிறார்கள், நாயகன் ஜெயிக்கும்போது கண் கலங்குகிறார்கள். கிழவனின் ஆசையைக் குறும்பு என்று சேர்த்துக்கொண்ட சினிமா, கிழவியின் ஆசைக்கு இன்னும் சொல் தேடவில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய சிற்பி தயங்காமல் செய்த உடம்பின் பக்கத்தில் காமிராவை வைக்க நமக்குத் தயக்கமாக இருக்கிறது.

*

இது கலையின் பிரச்சினை மட்டும் இல்லை. சட்டத்தைப் படித்தாலும் அதே எல்லைக்கோடு தெரிகிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நல வாழ்வுச் சட்டம் முக்கியமான சட்டம். பிள்ளைகள் கவனிக்கவில்லையென்றால் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம், மாதம் 10,000 ரூபாய் வரை வாங்கலாம். பார்த்துக்கொள்வதாகச் சொல்லி சொத்தை எழுதி வாங்கிவிட்டு ஏமாற்றினால், அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். எத்தனையோ பேருக்கு இது கடைசிப் பிடிமானம். "பராமரிப்பு" என்பதற்கு அது தரும் விளக்கத்தில் இருப்பவை உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அதில் 60 வயதிலிருந்து 79 வயது வரை உள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய். இவை எல்லாம் தேவையின் கணக்குகள். கூட்ட வேண்டியவை, சண்டை போட்டாவது கூட்ட வேண்டியவை. ஆனால் இதே சட்டம், பெற்றோர் "இயல்பான வாழ்க்கை" வாழும்படி பராமரிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இயல்பான வாழ்க்கையில் நாலு தேவைகள் மட்டுமா இருக்கும்? ஒரு நாள் காரணமே இல்லாமல் பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போய் வருவதும் இயல்பான வாழ்க்கைதானே?

அந்த வகையில், 2021இல் வந்த பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தை முதியோர் நலத் திட்டமாகவும் பார்க்க வேண்டும் என்பேன். டவுன் பஸ்ஸில் ஏறும் அறுபத்தைந்து வயதுப் பெண் மகனிடம் காசு கேட்க வேண்டியதில்லை. காசு கேட்க வேண்டியதில்லை என்றால், எதற்கு என்று சொல்லவும் வேண்டியதில்லை. "இந்த வயசுல எங்க போற?" என்ற கேள்விக்கு முன்பு காசு ஒரு பூட்டாக இருந்தது. கிருத்திகைக்குத் திருத்தணி போகலாம், தோழியைப் பார்க்கப் போகலாம், சும்மாவும் போகலாம். பழைய சத்திரங்களின் பெருமையும் இதுதான். வழிப்போக்கருக்குச் சோறும் திண்ணையும் கொடுப்பார்கள், ஏன் கிளம்பினாய் என்று கேட்க மாட்டார்கள். ஒரு பெண்ணின் பெயரோடு சேர்ந்து அந்தச் சொல் நெடுஞ்சாலையில் ஒரு ஊராக நிற்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

எழுதுகிறவர்களிடம், குறிப்பாக இப்போது எழுத வந்திருக்கும் இருபதுகளில் இருக்கிறவர்களிடம், ஒரு கோரிக்கை உண்டு. உங்கள் கதைகளில் பாட்டி இறந்துபோவதை நிறுத்துங்கள். அச்சில் இன்று எத்தனை கதைகள் பாட்டியின் சாவில் தொடங்கி, அவள் சுருக்குப்பையின் வாசனையில் முடிகின்றன! அதுவும் காலில் விழுகிற வேலைதான். இறந்துபோன பாட்டியிடம் கேட்க வேண்டியதில்லை, அவளும் எதையும் கேட்கப் போவதில்லை. உயிரோடு இருக்கிற, முரண்டு பிடிக்கிற, பொய் சொல்கிற, சீட்டாடுகிற, யாரையோ இன்னும் மன்னிக்காத, இன்னொரு டம்ளர் பாயசம் கேட்கிற கிழவியை எழுதுங்கள். அவளுக்கு ஞானம் வேண்டாம். அவளுக்கு என்ன வேணுமோ அதை அவளே சொல்லட்டும்.

திருவாலங்காட்டுக் கதையில் கடவுள் செய்தது அவ்வளவுதான். கும்பிட்டு விலகிய கணவனுக்கு அடுத்து வந்தவர் "அம்மையே" என்று கூப்பிட்டார், என்ன வேண்டும் என்று கேட்டார், பதிலை முழுதாகக் கேட்டார், அவள் கேட்ட இடத்தையே கொடுத்தார். அவள் கையில் தாளத்தோடு இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள்.